கேமராவுக்குப் பின்னால் நின்ற நண்பரும் அவர் விட்டுச் சென்ற காசெட்டுகளும்

குடமுருட்டி (இழையைத் தொடங்கியவர்)

போன மாதம் எங்கள் கேமராமேன் காலமானார். இணையத்தில் பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். எனவே இங்கே ‘அவர்’ என்றே எழுதுகிறேன். கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் செய்தித் துறையில் இருந்தவர்களுக்குப் பாதி படிக்கும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் தெரிந்ததோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மைக் பிடித்தவன், அவர் கேமரா பிடித்தவர். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்து “டிவியில் வருகிறவர் நீங்கள்தானே” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் அவரிடம் “தம்பி, கொஞ்சம் நகருங்கள்” என்பார்கள். அவர் நகர்ந்துகொள்வார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. எனக்கு இருந்தது, இப்போது கூடியிருக்கிறது.

கல்யாண வீடியோவில் தொடங்கியவர். 1993இல் சன் டிவி வந்து, பின்னாலேயே மற்ற தனியார் தொலைக்காட்சிகளும் வந்தபோது, மாவட்டச் செய்தி எடுக்க ஆள் தேவைப்பட்டது. சொந்தக் கேமரா வைத்திருந்தவர்கள் கல்யாணம் எடுத்தவர்கள்தான், அவர்களே செய்திக்கும் வந்தார்கள். சம்பளம் கிடையாது. செய்தி ஒளிபரப்பானால் பணம், ஆகாவிட்டால் பெட்ரோல் செலவு நம்முடையது. காசெட்டை உறையில் போட்டு ஒட்டிச் சென்னை பஸ் நடத்துநரிடம் கொடுப்போம், விடிகாலையில் அங்கே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். போன காசெட் திரும்பாது. நாங்கள் வேலை பார்த்த நிறுவனத்தில் (எது என்று கேட்காதீர்கள்) அதே காசெட்டில் அடுத்த வாரம் வேறொரு மாவட்டத்துச் செய்தியைப் பதிந்துவிடுவார்கள். இது தெரிந்த நாளிலிருந்து அனுப்புவதற்கு முன் தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைக்கத் தொடங்கினார். காசெட் செலவு அவருடையது. வீட்டில் திட்டு வாங்கியதும் அவர்தான்.

வேலைத்திறனுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். திருவையாறு தியாகராஜர் ஆராதனைப் பந்தலில் துணி ஒரு நிறம், குழல் விளக்கு ஒரு நிறம், காவிரிப் பக்கமிருந்து வரும் காலை வெயில் இன்னொரு நிறம். எது வெள்ளை என்று கேமராவுக்கு முதலில் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பாடுகிறவர்கள் எல்லோரும் காமாலைக்காரர்களாகத் தெரிவார்கள். மற்ற கேமராமேன்கள் எதிரில் இருப்பவரின் வேட்டிக்கு லென்ஸைத் திருப்பிப் பட்டனை அமுக்கிவிடுவார்கள். இவர் வேட்டியை நம்ப மாட்டார். சலவையில் நீலம் போட்ட வேட்டியை வெள்ளை என்று சொல்லிக்கொடுத்தால், கேமரா அந்த நீலத்தைக் கழிக்கப் பார்த்து எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். அதனால் சட்டைப் பையில் நான்காக மடித்த வெள்ளைத் தாள் ஒன்று எப்போதும் இருக்கும். பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் நாட்டை ராகம் முடிந்து கௌளை ராகம் எடுக்கும் இடைவெளியில் தாளைப் பிரித்து முன்வரிசைப் பெரியவர் முகத்தருகே நீட்டுவார். பெரியவர் ஏதோ மனு என்று நினைத்து வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீட்டு மாடியில் இரண்டு பீரோ நிறைய காசெட்டுகள் இருக்கின்றன. பெரிய வி.எச்.எஸ். ஒரு பாதி, சின்ன மினிடிவி (MiniDV) ஒரு பாதி. வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், தை மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். செய்திக் காசெட்டுகளைப் பிரித்துக் கணினியில் ஏற்றிவிடலாம் என்பது என் எண்ணம். கல்யாணக் காசெட்டுகள்தான் அதிகம், அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை, கழித்துவிடலாமா என்று பார்க்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அவரைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றியும் எழுதுங்கள்.

லைட்பாய்_அரசலாறு

அண்ணன் போனது தெரிந்து மூன்றாம் நாள்தான் வர முடிந்தது. நான் அவரிடம் விளக்குப் பிடித்தவன். ஆயிரம் வாட் ஆலஜன் விளக்கு. மணமேடையில் அரை மணி பிடித்தால் கை முடி கருகும். வோல்டேஜ் இறங்கினால் வெளிச்சம் சிவக்கும், ஏறினால் பல்பு போய்விடும். பல்பு காசு என் கூலியில் பிடிக்க மாட்டார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஆள் கும்பகோணத்தில் வேறு கிடையாது.

தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் மணமக்களுக்கு எதிரே இடம் பிடிப்பார்கள். அண்ணன் மட்டும் மேளக்காரர்களை ஒரு கண்ணில் வைத்திருப்பார். புரோகிதர் ஆள்காட்டி விரலை ஆட்டினால் தவில்காரர் நிமிர்ந்து உட்காருவார், அந்த நிமிர்வுதான் அண்ணனுக்குச் சைகை. கெட்டிமேளம் தொடங்குவதற்கு முன்பே படம் ஓடிக்கொண்டிருக்கும். “இன்னொரு தடவை கட்டுங்கள்” என்று மாப்பிள்ளையிடம் கேட்ட கேமராக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் கேட்டதில்லை.

செய்திக்குப் போன பிறகும் திருவாரூர் ஆழித்தேருக்கு என்னைக் கூப்பிடுவார். அங்கே விளக்குக்கு வேலை இல்லை, அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தார் பொருத்தியவை. ஆனாலும் திருப்பம் வந்தால் தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான். எல்லோரும் மாடியில் ஏறிக் கலசத்தை எடுப்பார்கள். அண்ணன் தேருக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே கட்டை போடுகிறவருடைய கையை எடுப்பார். கட்டையை வைத்துவிட்டுக் கையை இழுக்கிற அந்தக் கணம் மட்டும். நான் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் போவேன். எனக்குத் தேர் தெரியாது, அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும்.

கடைமடை_வேளாண்

எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது, ஆளைத் தெரியும். 2020இல் எட்டு வருடத்துக்குப் பிறகு மேட்டூரை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியே திறந்தார்கள், நினைவிருக்கிறதா? கொரோனா நேரம். டிவியில் கல்லணையில் பூவும் நெல்லும் தூவியதைக் காட்டியதோடு முடித்துக்கொண்டார்கள். இந்த மனிதர் ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு ஒரு பழைய ஸ்கூட்டரில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கீழே வந்து, “தண்ணீர் எப்போது இந்த இடத்துக்கு வரும்” என்று எங்களைக் கேட்டார். யாருக்குத் தெரியும்? கோரையாற்றில் மணல் காய்ந்து கிடந்தது, மேலே திறந்த தண்ணீரைப் பாதி மணலே குடித்துவிடும்.

மறுநாள் காலை வந்து ஆற்று நடுவில் குப்புறப் படுத்துவிட்டார். கேமரா மணலில், ஒரு சாக்குக்கு மேல். மத்தியானம் தாண்டித் தண்ணீர் வந்தது. வெள்ளமாக வராது, தெரியாதவர்கள் அப்படி நினைத்துக்கொள்வார்கள். விரல் உயரத்துக்கு ஒரு நுரை விளிம்பு, அதற்கு முன்னால் சருகு, பிளாஸ்டிக் டம்ளர், ஓடுகிற எறும்பு. கரையில் உட்கார்ந்தாலே காதில் விழும் சத்தம் ஒன்று உண்டு, மணல் காற்றை விடுகிற சத்தம். அது கேமரா வரைக்கும் வந்து சாக்கு நனைந்த பிறகுதான் எழுந்தார். எந்த டிவிக்கு என்று கேட்டேன். “டிவிக்கு இல்லை, எனக்கு” என்றார்.

2012இல் ஜூன் 12 திறக்காமல் குறுவை போனபோது இதே ஆற்றில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடியதை எடுத்ததாகவும் சொன்னார். இரண்டையும் சேர்த்து ஒருநாள் காட்டுகிறேன் என்றார். அந்தக் காசெட் இருந்தால் எங்கள் ஊருக்கு ஒரு நகல் வேண்டும்.

குடமுருட்டி

கடைமடை ஐயா, 2020இல் அவர் கையில் இருந்தது மெமரி கார்டு கேமரா. பையனிடம் கேட்டுச் சொல்கிறேன். 2012 மினிடிவியில் இருக்கும்.

பழைய_எடிட்டர்

இரங்கல் இழையில் விவாதம் செய்யக் கூடாதுதான், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்த ஆண்டுகளில் சென்னையில் எடிட்டிங் மேசையில் இருந்தேன். அவர் காசெட் வந்தால் மகிழ்ச்சி, அதிர்வில்லாத படம், ஒலி சுத்தம். அதே நேரம் தலைவலியும்கூட. 26 டிசம்பர் 2004 ஞாயிறு, சுனாமி. நாகப்பட்டினத்திலிருந்து மற்ற நிறுவனங்களுக்கு வந்தவை முகங்கள், கதறல்கள். இவரிடமிருந்து எங்களுக்கு வந்தவை கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த விசைப்படகுகள், வேளாங்கண்ணிக் கடற்கரையில் செருப்புகள், ஒரு பெண்ணின் முதுகு. மேலிடத்தில் கத்தினார்கள், நானும் போன் செய்து “முகம் எங்கே” என்று கேட்டேன். “முகத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்க முடியவில்லை” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்துத்தானே நாடு முழுக்க லாரி லாரியாக அரிசியும் துணியும் வந்தன? செருப்பைப் பார்த்து யார் லாரி அனுப்புவார்கள்?

குடமுருட்டி

எடிட்டர் சார், அன்று பக்கத்தில் இருந்தவன் நான். நீங்கள் சொல்லும் பெண்ணின் முதுகு, அவர் தூரத்திலிருந்து நடந்துபோய், அருகே போனதும் கேமராவைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்த இடத்தில் முடிகிறது. காசெட்டில் கடைசியில் மண் மட்டும் ஓடும். நீங்கள் வெட்டி எறிந்திருப்பீர்கள்.

லாரி வந்தது அவர் எடுத்த படத்தால் இல்லை என்பது சரி. ஆனால் அழுகிற முகம் ஒன்று கிடைத்தால் நாள் முழுக்க அதையே ஓட்டினீர்களே, மூன்றாம் முறைக்குமேல் அதைப் பார்த்து யாரும் ஒரு பிடி அரிசி அதிகம் போட்டிருக்க மாட்டார்கள். அவருக்குத் தெரிந்த தொழில் கணக்கு அது. கோழைத்தனம் என்றோ, இரக்கம் என்றோகூட நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது கேமராமேனின் வேலையில் ஒரு பகுதி. லென்ஸை ஜூம் செய்து அந்தத் தூரத்தை இல்லாமல் செய்துவிடலாம், அவர் அதைச் செய்ய மறுத்தார்.

பழைய_எடிட்டர்

மூன்றாம் முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் முறையை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காட்சித்தொடர்பு_மாணவி

வணக்கம். நான் தஞ்சாவூரில் படிக்கிறேன். ஒரு சந்தேகம். செய்தியில் நிருபர் பெயர் வருகிறது, “ஒளிப்பதிவாளருடன்” என்று அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டே? அவர் பெயர் ஏன் வரவில்லை?

குடமுருட்டி

அது சம்பளக்காரர்களுக்கு அம்மா. நாங்கள் பகுதிநேர ஆட்கள், என் பெயர் வந்ததே பெரிது. நான் இரண்டு தடவை அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன், இரண்டு தடவையும் வெட்டிவிட்டார்கள். (எடிட்டர் சார் இல்லை, வேறு ஆள்.)

பழங்காசெட்

காசெட்டைப் பற்றி எழுதுகிறேன், அவசரமானது. நாடாக்களைக் கணினியில் ஏற்றும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன்.

முதல் வேலை, எதையும் பிளேயரில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். டெல்டாவின் ஈரத்துக்குப் பூஞ்சை நிச்சயம். காசெட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூலோ தெரிந்தால் அதைத் தனிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். பூஞ்சை பிடித்த ஒன்றை ஓட்டினால் பிளேயரின் தலையில் (நாடாவைப் படிக்கும் பாகம்) ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல காசெட்டுக்கும் போய்விடும். வெயிலில் காயவைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நாடா வளைந்துபோகும். தலை கழற்றிய பழைய பிளேயரில் பிசிறில்லாத துணியை வைத்து மெல்ல ஓட்டித் துடைப்பதுதான் வழி. பொறுமை வேண்டும்.

மினிடிவி என்றால் ஃபயர்வயர் இணைப்புள்ள பழைய மடிக்கணினி தேடுங்கள். ஒரு மணி நேரக் காசெட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. மணிக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். அவர் சோனி பிடி150 கேமரா வைத்திருந்தாரா? அதில் டிவிகேம் என்ற, நாடாவை வேகமாக ஓட்டும் முறையில் பதிந்திருந்தால் 60 நிமிடக் காசெட்டில் 40 நிமிடம்தான் இருக்கும், சில மினிடிவி கேமராக்களில் அது ஓடாது. “காசெட் பாழ்” என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லைட்பாய்_அரசலாறு

பிடி150தான். கடன் வாங்கி வாங்கினார்.

வாங்கவிற்க_தஞ்சை

அந்த பிடி150 விற்பனைக்கு உண்டா? நல்ல விலை தருகிறேன்.

நெறியாளர்

வாங்குவது விற்பதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. இந்த இழையில் வேண்டாம்.

கீச்சாங்குப்பத்து_மகள்

இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். சுனாமியில் எங்கள் வீட்டில் என் அப்பாவும் அத்தையும் போய்விட்டார்கள்.

முகத்தை எடுத்தது சரியா தவறா என்று நீங்கள் இரண்டு பேரும் பேசுகிறீர்கள். எனக்கு இரண்டும் தெரியும். அடையாளம் தெரியாதவர்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டுதான் அடக்கம் செய்தார்கள். அந்தப் போட்டோக்களைப் பார்த்துத்தான் அப்பாவைக் கண்டுபிடித்தோம், சட்டையை வைத்து. அன்றைக்கு யாரோ ஒருவர் அந்த முகங்களை எடுக்க மனசு வைத்ததால் எங்களுக்கு ஒரு தேதி இருக்கிறது, திதி கொடுக்கிறோம். அதனால் எடிட்டர் ஐயா சொல்வதை நான் தள்ள மாட்டேன். அதே நேரம் டிவியில் என் அம்மா மார்பில் அடித்துக்கொள்வதை ஊர் ஊராகப் பார்த்தார்கள், இன்னும் வருடா வருடம் டிசம்பரில் யாராவது ஓட்டுகிறார்கள். அம்மா அந்த மாதம் டிவி போட மாட்டார்.

நான் எழுத வந்தது வேறு. குடமுருட்டி ஐயா, கல்யாணக் காசெட்டுகளைக் கழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கழிக்காதீர்கள். என் அத்தை கல்யாணத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு வீடியோக்காரர் வந்தார். எங்கள் காசெட் வீட்டோடு போய்விட்டது. என் அப்பா நடக்கிறதை, பேசுகிறதை, சிரிக்கிறதைப் பதிந்த ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஒரு ரேஷன் கார்டு போட்டோதான். வந்தவர் அவர்தானா என்று தெரியாது. பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாக எடுத்தார் என்று மட்டும் அம்மா சொல்வார். “சாப்பிடும்போது எடுக்காதே” என்று அப்பா கையை மறைத்தாராம், கை இறங்கும் வரைக்கும் அந்த ஆள் காத்திருந்தாராம்.

லைட்பாய்_அரசலாறு

தங்கச்சி, அது அண்ணன்தான். பந்தியை அப்படி எடுக்கிறவர் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் இலையையும் பாயசத்தையும் ஒரு வீச்சில் காட்டிவிட்டுப் பாட்டுப் போட்டு மிக்சிங் செய்துவிடுவார்கள். அண்ணன் முதல் பந்தி முதல் கடைசிப் பந்தி வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் எடுப்பார். பந்தல் போட்டவர், பாத்திரம் கழுவும் அம்மா வரைக்கும். “ஏன் அண்ணே, நாடா வீண்தானே” என்று கேட்டதற்கு, “கல்யாணத்துக்கு வந்தேன் என்பதற்கு அவர்களுக்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது” என்றார். எனக்கு அப்போது பசி, பேச்சு காதில் ஏறவில்லை.

குடமுருட்டி

அம்மா, கல்யாணக் காசெட் ஒன்றுகூட வெளியே போகாது. வரிசை மாறுகிறது. முதலில் கல்யாணம், அதிலும் முதலில் கடலோர ஊர்கள்: நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார். செய்தி பிறகு. ஆழித்தேர் காத்திருக்கும், அது வருடா வருடம் ஓடுகிறது.

சட்டம்_மாயூரம்

ஒரு குறிப்பு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். ஆகவே கல்யாணக் காசெட்டுகளின் உரிமை அந்தந்தக் குடும்பத்துக்கு. திருப்பிக் கொடுப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் பொதுவில் யூடியூபில் ஏற்றாதீர்கள், அதற்கு நீங்கள் உரிமையாளர் இல்லை. யாருக்கும் விற்காமல் தனக்கென்று எடுத்தவை, உதாரணமாகக் கோரையாற்றுத் தண்ணீர், அவருடைய வாரிசுகளுக்கு. நிறுவனம் பணம் கொடுத்து வாங்கிய செய்திகளில் வழக்காடலாம், நான் ஆட மாட்டேன்.

பழைய_எடிட்டர்

என்னிடம் ஓடுகிற வி.எச்.எஸ். பிளேயர் ஒன்று இருக்கிறது, தலை போன பழையது இன்னொன்றும் இருக்கிறது. இரண்டையும் அனுப்பி வைக்கிறேன். பந்திக் காட்சிகளை வெட்டாமல் ஏற்றுங்கள்.

பழங்காசெட்

நாடாவைத் துடைப்பதற்கு அந்தத் தலை போன பிளேயர்தான் தேவை. நான் கும்பகோணம் வந்து உட்கார்ந்து செய்து தருகிறேன். சாப்பாடு போட்டால் போதும்.

லைட்பாய்_அரசலாறு

அண்ணன் ஒரு நீள நோட்டில் ஊர், மாதம், பந்தல் போட்ட இடம் எல்லாம் குறித்திருக்கிறார். பெயர் எழுத மாட்டார், ‘மண்டபம் இல்லை, வேப்பமரம், கிழக்குப் பார்த்த வாசல்’ என்று வெளிச்சத்துக்காக எழுதியிருப்பார். தங்கச்சி, கல்யாணம் எந்த வருடம், எந்த மாதம், எந்த வாசல் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கீச்சாங்குப்பத்து_மகள்

2001 ஆவணி. மண்டபம் இல்லை, தெருவை அடைத்துப் பந்தல். வாசல் கடலைப் பார்த்தது. மாப்பிள்ளை வீடு தரங்கம்பாடி. ஜெனரேட்டர் சத்தத்தில் புரோகிதர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்று அம்மா சொல்கிறார்.

லைட்பாய்_அரசலாறு

நோட்டில் 2001 ஆவணியில் கீச்சாங்குப்பம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் ‘ஜெனரேட்டர், மைக் வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறது. இரண்டு காசெட்டும் கிடைத்துவிட்டன. ஜெனரேட்டர் உள்ளதில் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. ஓட்டவில்லை, சிலிக்கா பையில் போட்டுத் தனியாக வைத்துவிட்டேன். பழங்காசெட் சார் வெள்ளிக்கிழமை வருகிறார். துடைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.